சாக்லேட் சிப் நட்சத்திர மீன்: பட்டினி போடாமல் வளர்ப்பது எப்படி?

வீட்டுத் தொட்டியில் நட்சத்திர மீன் நாலைந்து மாதத்தில் செத்துப்போனால், பல சமயம் காரணம் நோயல்ல, பட்டினிதான். தொட்டியில் கிடக்கும் மிச்சம் மீதியைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். நீல லிங்கியா என்ற நட்சத்திர மீனும், மணலைத் துழாவித் தின்னும் வகையும் இப்படித்தான் மெல்ல மெல்லச் சாகின்றன. புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஏற்றது, பழுப்பு உடம்பில் கறுப்புக் கொம்புகள் துருத்தி நிற்கும் சாக்லேட் சிப் வகை. வைத்த இரையை எடுத்துக்கொள்ளும். ஆனால் பவளம், கடற்பஞ்சு, நத்தை, மட்டி எதையும் விட்டுவைக்காது. பவளம் வளர்க்கும் தொட்டியில் இதைச் சேர்க்கவே கூடாது.

தொட்டி 200 லிட்டருக்குக் குறையாமல், ஓடத் தொடங்கி 3 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வெப்பம் 24 முதல் 26 டிகிரி, உப்படர்த்தி (தண்ணீரில் கலந்த உப்பின் அளவைக் காட்டும் எண்) 1.025, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம், நைட்ரேட் 20 பிபிஎம்முக்குக் கீழே. இவற்றில் உப்புதான் உயிர்நாடி. நட்சத்திர மீனின் உடம்புக்குள் ஓடுவதும் ஏறக்குறைய கடல்நீரே. வெளியே உப்பு ஏறி இறங்கினால் உள்ளே சரிசெய்துகொள்ள அதற்கு வழி கிடையாது. கோடையில் ஃபேன் போட்டுத் தொட்டியைக் குளிர்விப்பவர்கள் கவனிக்க வேண்டும்: ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கிவிடும். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவுக்குத் தினமும் உப்புக் கலக்காத ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள்.

வாங்கி வந்த அன்று அவசரப்படாதீர்கள். கடைத் தொட்டிகளில் உப்பைக் குறைத்து வைப்பதுண்டு. பையைத் தண்ணீரோடு ஒரு வாளியில் கவிழ்த்து, முடிச்சுப் போட்ட ஏர் டியூப் வழியாகத் தொட்டித் தண்ணீரை விநாடிக்கு இரண்டு சொட்டு வீதம் விடுங்கள். ஒரு லிட்டர் இரண்டு லிட்டராக ஏறக்குறைய 3 மணி நேரம் பிடிக்கும். பாதியைக் கொட்டிவிட்டு மறுபடி சொட்டவிடுங்கள். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் இரண்டு தண்ணீரும் ஒரே அளவு காட்டிய பிறகே மாற்ற வேண்டும். அப்போதும் வெளியே தூக்காமல், தண்ணீரோடு கிண்ணத்தில் ஏந்திக் கொண்டுபோங்கள்.

இரைக்கு உப்போ மசாலாவோ படாத பச்சை இறால், கணவாய், மட்டிச் சதை. கட்டைவிரல் நகம் அளவு துண்டு போதும், வாரம் 2 அல்லது 3 முறை. ஒரே இரையைக் கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள். நீண்ட இடுக்கியால் துண்டை நட்சத்திர மீனின் கை நுனிக்குப் பக்கத்தில் வையுங்கள். சிறிது நேரத்தில் நுனியிலுள்ள குழாய்க் கால்கள் (கைகளின் அடியில் வரிசையாக இருக்கும் சின்னக் கால்கள்) நீண்டு துழாவும். பிறகு துண்டின் மேல் ஏறி, நடு உடம்பை உயர்த்திக் கவிழ்த்த கிண்ணம்போல் குவிந்து உட்காரும். அடியில் இருக்கும் வாய் வழியாக இரைப்பையே மெல்லிய படலமாக வெளியே வந்து இரையைப் போர்த்திக்கொள்ளும். சில மணி நேரம்கூட அப்படியே இருக்கும். சாப்பிடுகிறதா என்று புரட்டிப் பார்க்காதீர்கள், இரையை விட்டுவிடும். துறவி நண்டோ மீனோ இரையைத் திருடினால், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவை நட்சத்திர மீனின் மேல் கவிழ்த்து வையுங்கள். மிச்சத்தை அன்றே எடுத்துவிட வேண்டும்.

கண்ணாடியில் ஒட்டியிருப்பதைப் பிய்த்து இழுத்தால் குழாய்க் கால்கள் அறுந்துவிடும். தானே இறங்கும்வரை பொறுங்கள். தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரான பவர்ஹெட்டின் உறிஞ்சும் வாய்க்குப் பஞ்சு மாட்டுங்கள். மீன்களின் வெள்ளைப்புள்ளி நோய்க்குப் போடும் தாமிர மருந்து இதற்கு விஷம். அந்த மருந்து ஊற்றிய பழைய தொட்டியும் வேண்டாம்.

கைகள் துவண்டு தொங்குவது, தோலில் வெள்ளைத் திட்டு, கொம்புகள் கரைவது, இவற்றில் எது தெரிந்தாலும் முதலில் உப்பையும் அம்மோனியாவையும் அளந்து பாருங்கள். அளவு தப்பியிருந்தால் ஒரேயடியாகத் திருத்தாமல் இரண்டு மூன்று நாளில் சரிக்குக் கொண்டுவாருங்கள். குழாய்க் கால்களில் அசைவே இல்லாமல் உடம்பு கொழகொழத்துவிட்டால் உடனே வெளியே எடுத்து, 30 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள். ஒரு ராத்திரி உள்ளே அழுகவிட்டால் மற்ற மீன்களும் போய்விடும்.