கொட்டையில இருந்து சாக்லேட் வரைக்கும்: டெம்பரிங்ல மூணு தடவை சொதப்புனவன் எழுதுறது

மொதல்லயே சொல்லிடறேன், காம்பவுண்ட் கட்டியை (கொக்கோ வெண்ணெய்க்கு பதிலா வேற தாவர கொழுப்பு போட்ட ரெடிமேட் சாக்லேட்) உருக்கி அச்சுல ஊத்துற பதிவு இல்ல இது. கொக்கோ கொட்டைய வாங்கி வறுத்து, தோல் எடுத்து, அரைச்சு, கட்டியாக்குறது. மூணு நாள் ஆகும், ஆனா அதுல பெரும்பாலான நேரம் கிரைண்டர்தான் உழைக்கும், நாம பக்கத்துல உக்காந்து மோந்து பாத்துட்டு இருப்போம், அவ்ளோதான்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் பழைய கதை, ஏன்னா பின்னாடி டெம்பரிங்குக்கு (உருக்கின சாக்லேட்ட அளவா ஆத்தி, சூடு காட்டி, பளபளன்னு இறுக வைக்கறது) இது தேவைப்படும். சாக்லேட்ட மனுஷன் ரொம்ப காலமா குடிச்சுட்டுதான் இருந்தான், கடிக்கல. ஈக்வடார்ல சான்டா அனா லா ஃப்ளோரிடாங்கிற இடத்துல தோண்டி எடுத்த பாத்திரங்கள்ல சுமார் 5,300 வருஷத்துக்கு முந்தின கொக்கோ தடயம் கிடைச்சிருக்கு. மாயாக்காரங்களும் அஸ்டெக்குகளும் நுரை பொங்க ஆத்தி, மிளகா எல்லாம் போட்டு குடிச்சாங்க, கொட்டையையே காசாவும் புழங்குனாங்க. 1828ல நெதர்லாந்துல வான் ஹூட்டன் குடும்பம் கொக்கோவ பிழிஞ்சு கொழுப்ப தனியா எடுக்குற பிரஸ்ஸுக்கு காப்புரிமை வாங்குச்சு. அப்படி பிரிச்ச கொக்கோ வெண்ணெய்ய தூளும் சர்க்கரையும் கலந்து திரும்ப சேர்த்து, 1847ல பிரிஸ்டல்ல ஃப்ரை கம்பெனி கடிச்சு திங்கற கட்டியா வார்த்துச்சு. அந்த வெண்ணெய்தான் நம்மள பாடா படுத்தப் போகுது.

1. கொட்டை

புளிக்க வச்சு காய வச்ச கொட்டையா கேட்டு வாங்குங்க. காய்க்குள்ள வெள்ளை சதையோட இருக்குற விதைய அப்படியே அஞ்சு ஏழு நாள் குவிச்சு புளிக்க விடுவாங்க, உள்ள சூடு 50 டிகிரி பக்கம் ஏறும், சாக்லேட் வாசனைக்கு அஸ்திவாரம் அங்கதான் விழுது. புளிக்காத கொட்டைய நீங்க எவ்ளோ அழகா வறுத்தாலும் கசப்பு துவர்ப்பு தவிர ஒண்ணும் வராது. ரெண்டு மூணு கொட்டைய நெடுக்கா வெட்டி பாருங்க, உள்ள பழுப்பா வெடிப்பு வெடிப்பா இருந்தா நல்லது, சிலேட்டு கலர்ல வழவழன்னு இருந்தா திருப்பி குடுத்துடுங்க.

2. வறுக்கறது, புடைக்கறது

ஓவன் 130 டிகிரி, ஒரே அடுக்கா பரப்பி 20-25 நிமிஷம், நடுவுல ஒரு தடவை கிளறுங்க. மொதல்ல வினிகர் நெடி வரும், அப்புறம் கேக் வேகுற மாதிரி மணம், டப் டப்னு ரெண்டு மூணு வெடிச்சா எடுத்துடலாம். பச்சையா அரைச்சா சத்து கூடன்னு சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க, வெட்டவெளியில காய்ஞ்ச பொருள், கிருமி இருக்கும்.

ஆறினதும் சப்பாத்திக் கட்டையால நொறுக்கி தோல புடைச்சு எடுங்க. முறம் பிடிக்க தெரிஞ்சவங்க பாக்கியசாலிங்க. எனக்கு வராது, ஹேர் டிரையர கூல்ல வச்சு ஊதினேன், பால்கனி முழுக்க தோல். ஒரு கிலோ கொட்டைக்கு 700 கிராமுக்கு மேல பருப்பு தேறும்.

3. அரைக்கறது

மிக்ஸிய மறந்துடுங்க. டேபிள்டாப் வெட் கிரைண்டர், கல்லு உருளை வச்சது, அதுதான் என் ஓட்டு. 700 கிராம் பருப்புக்கு 300 கிராம் சர்க்கரைன்னா 70 சதவீத டார்க். பாத்திரத்தையும் பருப்பையும் லேசா சூடு பண்ணிட்டு ஒவ்வொரு ஸ்பூனா போடுங்க. மொதல்ல கல்லு கடகடன்னு கத்தும், பயப்படாதீங்க, பருப்புல பாதிக்கு மேல கொழுப்பு, சூட்டுல அதுவே உருகி குழம்பாயிடும். ரெண்டு மணி நேரம் கழிச்சு சர்க்கரை. பாக்கெட்ல விக்கிற ஐசிங் சுகர் வேணாம், அதுல ஸ்டார்ச் கலந்திருப்பாங்க, நீங்களே பொடிச்சுக்குங்க. நாக்குக்கு துகள் 30 மைக்ரானுக்கு (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) மேல இருந்தாலே நறநறப்பு தெரியும், அதனால ஒரு நாள் முழுக்க ஓடட்டும், நடுநடுவுல மோட்டார ஆற விட்டு. மூடிய கொஞ்சம் திறந்து வைங்க, புளிப்பு நெடி வெளிய போகணும்.

4. டெம்பரிங் (இங்கதான் நான் விழுந்தேன்)

மொதல் தடவை அரைச்சத அப்படியே அச்சுல ஊத்திட்டேன். மறுநாள் பாத்தா மேல சாம்பல் பூத்த மாதிரி வெள்ளை, கையில தொட்டா பிசுபிசுன்னு ஒட்டுது, உடைச்சா சத்தமே இல்ல. ரெண்டாவது தடவை டபுள் பாய்லர்ல (சுடுதண்ணி பாத்திரத்து மேல இன்னொரு பாத்திரம் வச்சு) உருக்கும்போது ஆவி பட்டு ஒரு சொட்டு தண்ணி விழுந்துச்சு, ஒரே ஒரு சொட்டு, மொத்தமும் ஈர மண்ணு மாதிரி திரிஞ்சு போச்சு. மூணாவது தடவை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர நம்பி மோசம் போனேன், அது மேல்பரப்ப மட்டும்தான் காட்டும், உள்ள நாலஞ்சு டிகிரி கூடுதலா இருந்திருக்கு. அதனால குத்தி பாக்குற டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்க, துப்பாக்கி மாதிரி இருக்கறது வேணாம்.

விஷயம் என்னன்னா கொக்கோ வெண்ணெய் ஆறு விதமா படிகமாகும், நமக்கு வேண்டியது அஞ்சாவது. அது 34 டிகிரி பக்கம்தான் உருகும், அதான் கையில நிக்குது வாயில கரையுது. மத்தது கலந்துட்டா பளபளப்பும் இல்ல, டக்குனு உடையறதும் இல்ல.

நான் இப்ப பண்றது: 350 கிராம 48 டிகிரி வரைக்கும் உருக்கி இறக்கிடுவேன். ஏற்கனவே டெம்பர் ஆன நல்ல டார்க் சாக்லேட் 150 கிராம் பொடியா வெட்டி (மொதல் தடவைக்கு கடைல வாங்கினது, அப்புறம் நம்ம சொந்த கட்டியே) கொஞ்சம் கொஞ்சமா போட்டு கிளறிட்டே 28க்கு இறக்குவேன். திரும்ப லேசா சூடு காட்டி 31-32. அதுக்கு மேல போயி 34 தாண்டிட்டா வெட்டி போட்ட சாக்லேட்ல இருந்து வந்த அந்த அஞ்சாவது வித படிகமும் உருகிடும், மறுபடி மொதல்ல இருந்து. கத்தி முனைய முக்கி வெளிய வைங்க, அஞ்சு நிமிஷத்துல பளிச்னு இறுகினா ஊத்தலாம். ரூம் 20-22 டிகிரில இருக்கணும், வெக்கையா இருந்தா ஏசி இல்லாம முயற்சி பண்ணாதீங்க.

அச்சு பாலிகார்பனேட் தான், சிலிக்கான்ல அந்த கண்ணாடி மினுமினுப்பு வரவே வராது.

உடம்புக்கு நல்லதா?

எல்லாரும் கேக்குறாங்க. கொக்கோல ஃப்ளேவனால்னு ஒண்ணு இருக்கு, ரத்தக்குழாய் நெகிழ்ச்சிக்கு உதவும். அமெரிக்காவுல காஸ்மோஸ்னு 21,000 பேருக்கு மேல வச்சு நடந்த ஆய்வு, 2022ல வெளியாச்சு, தினம் 500 மில்லிகிராம் ஃப்ளேவனால் குடுத்தாங்க. மொத்த இதய பாதிப்பு எண்ணிக்கையில உறுதியா சொல்ற அளவு குறையல, இதயநோய் சாவு மட்டும் குறைஞ்ச மாதிரி தெரிஞ்சுது. ஆனா அது மாத்திரை, சாக்லேட் இல்ல! வறுக்கும்போதே கொஞ்சம் போயிடும், காரம் (மிளகா காரம் இல்ல, ஆல்கலி) சேர்த்த டச்சு கொக்கோ தூள்ல இன்னும் கம்மி. 70 சதவீத டார்க்கே 100 கிராமுக்கு 600 கலோரி பக்கம் வரும். நான் ருசிக்குதான் சாப்பிடறேன், ரெண்டு துண்டு.

பின்சேர்க்கை 1: சர்க்கரைக்கு பதிலா தேன் ஊத்தலாமான்னு கமெண்ட்ல நிறைய பேர். கூடாது, அதுல தண்ணி இருக்கு, மேல சொன்ன ஈர மண்ணு கதைதான். தண்ணில கரைச்ச எசென்ஸும் அப்படியே. திரிஞ்சத தூக்கி போடாதீங்க, சூடான பால் தாராளமா ஊத்தி கலக்குங்க, சாஸ் ஆயிடும்.

பின்சேர்க்கை 2: வெள்ளை பூத்தது பூஞ்சையான்னு ஒருத்தங்க பயந்துட்டாங்க. பெரும்பாலும் அது வெளிய வந்த கொழுப்பு, சாப்பிடலாம், திரும்ப உருக்கி டெம்பர் பண்ணா சரியாயிடும். நாய்க்கு மட்டும் எந்த சாக்லேட்டும் வேணாம், தியோபுரோமின் அதுக்கு விஷம்.

பின்சேர்க்கை 3: ராத்திரி கரண்ட் போயி கிரைண்டர்ல மொத்தமும் இறுகிப் போச்சாம் ஒருத்தருக்கு. அவசரப்பட்டு சுவிட்ச் போடாதீங்க, பெல்ட் அறுந்துடும். ஹேர் டிரையர ஹாட்ல வச்சு சுத்தி காட்டுங்க, உருளை கையால சுத்துற அளவு இளகினதும் ஓட்டுங்க.