உங்கள் சீட்டுகளை வேறொருவர் பார்க்கிறாரா? ஆன்லைன் போக்கரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வங்கிக் கணக்கில் கைவைக்க நினைக்கும் திருடனுக்குக் கடவுச்சொல் வேண்டும், ஓடிபி வேண்டும். போக்கர் ஆட்டக்காரரிடம் திருட வருபவனுக்கு இவை எதுவும் தேவையில்லை. அவருடைய திரையைப் பார்க்க முடிந்தாலே போதும். கையிலுள்ள இரண்டு சீட்டுகள் தெரிந்துவிட்ட பிறகு, அதே மேசையில் உட்கார்ந்து முறைப்படி ஆடியே அவருடைய பணத்தை எடுத்துவிடலாம். பணத்தை இழப்பவருக்கோ அது களவாகத் தெரியாது. சில வாரங்களாகச் சீட்டு சரியாக விழவில்லை என்று நினைத்துக்கொண்டு தன் ஆட்டத்தையே குறை சொல்லிக்கொண்டிருப்பார். இந்த ஆட்டத்தில் பாதுகாப்பைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருப்பது இதனால்தான்.

தளத்தின் பக்கமே ஓட்டை இருந்த கதைகளும் உண்டு. அப்சல்யூட் போக்கர், அல்டிமேட்பெட் ஆகிய இரண்டு தளங்களிலும் எதிராளிகளின் சீட்டுகளைப் பார்க்கக்கூடிய ரகசியக் கணக்குகள் இயங்கி வந்தது 2007, 2008 ஆண்டுகளில் வெளிப்பட்டது. 2023 டிசம்பரில், ஒரு ஆட்டக்காரர் விளையாட்டு மென்பொருளில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தித் தன் வெற்றி வாய்ப்பைக் கணித்து ஆடியதாக ஜிஜிபோக்கர் தளம் அறிவித்து, அவரிடமிருந்து 29,795 டாலரைப் பறிமுதல் செய்தது. இத்தகைய மோசடிகளை ஆட்டக்காரர் தம் அறையில் உட்கார்ந்து தடுக்க இயலாது. ஆனால் நம் பக்கத்துக் கதவை நாமே திறந்து வைத்ததால் நேரும் இழப்புகள் பல இருக்கின்றன. அவற்றைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது.

முதல் தவறு, ஆடும் கணினியைச் சாதாரணப் பொருளாக நடத்துவது. 2013 செப்டம்பரில் பார்சிலோனாவில் ஐரோப்பியப் போக்கர் டூர் போட்டிக்குச் சென்றிருந்த ஃபின்லாந்து ஆட்டக்காரர் யென்ஸ் குல்லோனென், விடுதி அறைக்குத் திரும்பியபோது அவருடைய லேப்டாப்பைக் காணவில்லை. அறையில் உடன் தங்கியிருந்த நண்பர் எடுத்திருப்பாரோ என்று விசாரித்துவிட்டு மீண்டும் வந்து பார்த்தால், லேப்டாப் இருந்த இடத்திலேயே இருந்தது. பெரும்பாலானோர் இந்த இடத்தில் நிம்மதிப் பெருமூச்சு விட்டு ஆடத் தொடங்கியிருப்பார்கள். அவர் அப்படிச் செய்யாமல், எஃப்-செக்யூர் என்ற பாதுகாப்பு நிறுவனத்திடம் கணினியைக் கொடுத்தார். தொலைவிலிருந்து திரையைப் பார்க்க உதவும் டிரோஜன் (மறைந்திருந்து இயங்கும் தீநிரல்) ஒன்று அதில் நிறுவப்பட்டிருந்தது. அதே அறையில் தங்கியிருந்த இன்னொரு தொழில்முறை ஆட்டக்காரரின் கணினியிலும் அதே டிரோஜன் கிடைத்தது. அது ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டதால், விண்டோஸ், மேக், லினக்ஸ் என எந்தக் கணினியிலும் இயங்கக்கூடியது.

காணாமல் போய்த் திரும்பிய கணினி காணாமலே போன கணினியைவிட ஆபத்தானது என்பதைப் பயணம் செய்து ஆடுபவர்கள் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்யும் வசதி விண்டோஸில் பிட்லாக்கர் என்ற பெயரிலும் மேக்கில் ஃபைல்வால்ட் என்ற பெயரிலும் இருக்கிறது. அதை இயக்கி வைத்து, அறையை விட்டு வெளியே போகும்போது கணினியை உறக்க நிலையில் விடாமல் முழுவதுமாக அணைத்துவிட வேண்டும். கணினியை யாரோ தொட்டிருக்கிறார்கள் என்ற சிறு சந்தேகம் எழுந்தாலும் அதில் எந்தக் கணக்கிலும் நுழையாமல், வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றிவிட்டு, பிறகு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே சரியான வழி. இயலுமானால் ஆடுவதற்கென்றே ஒரு கணினியை ஒதுக்குங்கள். திரைப்படம் பதிவிறக்குவது, பிள்ளைகள் விளையாடுவது, மின்னஞ்சல் இணைப்புகளைத் திறப்பது எல்லாம் வேறு கணினியில் நடக்கட்டும்.

அடுத்த தவறு, ஆட்டத்துக்கு உதவும் கருவி என்று யார் எதைக் கொடுத்தாலும் நிறுவிவிடுவது. 2006-ஆம் ஆண்டிலேயே, ரேக்பேக் தொகையை, அதாவது தளம் எடுக்கும் கட்டணத்தில் ஆட்டக்காரருக்குத் திரும்பக் கிடைக்கும் பங்கை, கணக்கிட்டுத் தருவதாகச் சொன்ன ஒரு சிறு நிரலுக்குள் பின்வாசல் ஒன்று ஒளிந்திருந்தது. அது போக்கர் தளங்களின் நுழைவு விவரங்களைத் திருடியது. திருடியவர் அந்தக் கணக்கில் நுழைந்து, தனது இன்னொரு கணக்கிடம் வேண்டுமென்றே தோற்றால் பணம் கைமாறிவிடும். 2015-இல் ஈசெட் நிறுவனம் கண்டறிந்த ஓட்லனார் என்ற தீநிரல் இதைவிட நுட்பமானது. போக்கர் கணக்கீட்டுக் கருவிகளின் நிறுவல் கோப்புகளைப் போன்ற வேடத்தில் அது வந்தது. போக்கர்ஸ்டார்ஸ் அல்லது ஃபுல் டில்ட் தளத்தின் மென்பொருள் திறந்திருந்தால் திரையைப் படம் பிடித்து அனுப்பியது. அந்தப் படத்தில் ஆட்டக்காரரின் சீட்டுகளோடு அவருடைய அடையாளப் பெயரும் இருந்தது. அந்தப் பெயரைத் தளத்தில் தேடி, அவர் ஆடும் மேசையிலேயே திருடர் வந்து உட்கார முடிந்தது.

சிறந்த ஆட்டமுறையைக் கணக்கிட்டுக் காட்டும் விலை உயர்ந்த சால்வர் மென்பொருளை யாரோ உடைத்து இலவசமாகத் தருகிறார்கள் என்றால், அந்தக் கோப்பில் வேறு என்ன இருக்கிறது என்பதைச் சோதிக்க நம்மில் பலருக்கு வழியில்லை. எனவே உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே பெற வேண்டும். பயிற்சி தருகிறேன் என்று எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற தொலைக்கட்டுப்பாட்டு மென்பொருளை நிறுவச் சொல்பவருக்கும் இதே விதி பொருந்தும். பயிற்சி முடிந்த பிறகும் அந்த மென்பொருள் கணினியில் இருக்கும்.

இனிச் சொல்லப்போவதுதான் என் கணிப்பில் மிக அதிகமாகக் கவலைப்பட வேண்டிய தவறு. போக்கர் உலகில் பணம் பெரும்பாலும் வாய்ச்சொல்லின் பேரில் நகர்கிறது. ஒரு தளத்தில் உள்ள பணத்தை இன்னொரு தளத்துக்கு மாற்ற வேண்டியவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்கிறார்கள். போட்டிக்கான நுழைவுத் தொகையில் பங்கு விற்கிறார்கள். ஒருவரை இன்னொருவர் ஸ்டேக் செய்கிறார், அதாவது அவர் ஆடுவதற்குப் பணம் போட்டு லாபத்தில் பங்கு பெறுகிறார். கேட்டவுடன் அனுப்புவது இங்கே நாணயத்தின் அடையாளம். ஆள்மாறாட்டக்காரர்கள் பயன்படுத்திக்கொள்வது இந்த நல்ல பழக்கத்தைத்தான்.

ஒரு போட்டியில் தாமதப் பதிவு (போட்டி தொடங்கிய பிறகும் சேர்வதற்கான அவகாசம்) முடிய இருபது நிமிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டெலிகிராமில் உங்கள் நண்பரின் பெயரும் படமும் தாங்கி ஒரு செய்தி வருகிறது: “இந்தத் தளத்துல பணம் தீந்துடுச்சு, ஒரு ஐந்நூறு போடுறியா, அடுத்த தளத்துல இப்பவே அனுப்பிடுறேன்.” நண்பர் வழக்கமாகப் பேசும் தோரணை, வழக்கமாகக் கேட்கும் தொகை. பணத்தை அனுப்பிவிட்டதாக ஸ்கிரீன்ஷாட்டும் வந்துவிடுகிறது. நீங்கள் பார்க்கத் தவறியது பயனர் பெயரை. டெலிகிராமில் காட்சிப் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்; பயனர் பெயர் மட்டுமே தனித்துவமானது. அதிலும் பெரிய எழுத்து ‘ஐ’ இருக்க வேண்டிய இடத்தில் சிறிய எழுத்து ‘எல்’ இருந்தால், ஆங்கில எழுத்துருக்கள் பலவற்றில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

பயனர் பெயர் சரியாக இருந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்றும் கொள்ள முடியாது. நண்பரின் உண்மையான கணக்கையே ஒருவன் கைப்பற்றியிருக்கலாம். பழைய உரையாடல்களைப் படித்து, அவரைப் போலவே எழுதலாம். குரல் செய்தியும் இன்று சான்றாகாது. சில நொடிப் பதிவிலிருந்தே ஒருவரின் குரலைப் போலச் செய்யும் கருவிகள் வந்துவிட்டன. முதலில் சிறு தொகை அனுப்பிச் சோதிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பணம் சேர வேண்டிய முகவரிக்குச் சேர்கிறது என்பதை மட்டுமே அந்தச் சோதனை காட்டும். முகவரி யாருடையது என்பதை அது சொல்லாது. மோசடிக்காரரே முதலில் சிறு தொகையைச் சரியாகத் திருப்பித் தந்து, அடுத்த முறை பெருந்தொகை கேட்பதும் உண்டு.

இதற்கு ஒரே வழி, செய்தி வந்த பாதையை விட்டு வேறொரு பாதையில் உறுதிசெய்வது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். அந்த உரையாடலில் புதிதாகத் தரப்படும் எண்ணுக்கு அழைக்காதீர்கள். அடிக்கடி பணம் மாற்றிக்கொள்ளும் நண்பர்களோடு ஒரு ரகசியச் சொல்லை நேரில் பேசி வைத்துக்கொள்ளலாம். கிரிப்டோவில் அனுப்புவதாக இருந்தால் முகவரியின் முதல், கடைசி எழுத்துகளை மட்டும் பார்ப்பது போதாது. நகலெடுத்த முகவரியை ஒட்டும்போது மாற்றிவிடும் தீநிரல்கள் இருக்கின்றன, அனுப்பிய பணத்தைத் திரும்பப் பெறவும் வழியில்லை. இப்படிச் சரிபார்த்தால் நண்பர் வருத்தப்படுவாரோ என்று கூச்சப்பட வேண்டாம். அவருடைய பெயரையும் சேர்த்துத்தான் நீங்கள் காக்கிறீர்கள்.

தளத்தின் உதவி மையத்திலிருந்து பேசுவதாக வருபவர்களைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. கடவுச்சொல்லையோ ஓடிபியையோ கேட்பவர் உதவி மையத்தைச் சேர்ந்தவர் அல்லர்.

கணக்கின் பூட்டைப் பொறுத்தவரை, பலர் போக்கர் தளத்துக்கு வலுவான கடவுச்சொல்லை வைத்துவிட்டு, அதை மாற்றியமைக்க உதவும் மின்னஞ்சலை மறந்துவிடுகிறார்கள். மின்னஞ்சல் போனால் அதைக் கொண்டு எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். குறுஞ்செய்தியாக வரும் ஓடிபியை மட்டும் நம்புவதும் போதாது. தொலைபேசி நிறுவனத்தை ஏமாற்றி உங்கள் எண்ணை வேறொரு சிம்முக்கு மாற்றும் வழியில்தான், 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஜாக் டோர்சியின் கணக்கே கைப்பற்றப்பட்டது. கைப்பேசியிலேயே குறியீட்டை உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலியோ, கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கருவியைக் கொண்டே நுழைய உதவும் பாஸ்கீயோ இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். கணக்கே திறக்காத தளத்திலும் உங்கள் பெயர் பயன்படலாம். 2022-இல் அமெரிக்கப் போக்கர் ஆட்டக்காரர்கள் பலரின் பெயரில் யாரோ பந்தயத் தளக் கணக்குகளைத் திறந்து, அவர்களுடைய வங்கிக் கணக்குகளிலிருந்து பணத்தை எடுத்தார்கள். வங்கியின் ஒவ்வொரு பற்றுக்கும் உடனடி அறிவிப்பு வருமாறு அமைத்து வைப்பது இதற்காகத்தான்.

ஏமாந்த பிறகு செய்யும் தவறு, வெட்கப்பட்டு மறைப்பது. ஆட்டத்தில் எதிராளியின் பொய்யைக் கண்டுபிடிப்பவர் என்று பெயரெடுத்த ஒருவருக்கு, செய்தி ஒன்றில் ஏமாந்ததைச் சொல்வது கடினம்தான். ஆனால் அந்த மௌனம் நீடிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் உங்கள் பெயரைத் தாங்கிய செய்தி இன்னொரு நண்பருக்குப் போய்க்கொண்டிருக்கலாம். வேறொரு கருவியிலிருந்து தளத்துக்கு எழுதிக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள், நண்பர்களுக்கு அன்றே தெரிவியுங்கள். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்கட்டணம் மட்டும் போதும் என்று சில நாட்களில் வருபவர்களும் அதே கூட்டத்தினராகவே இருக்கக்கூடும். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த உரையாடலை, பயனர் பெயரும் நேரமும் தெரியுமாறு, படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். டெலிகிராமில் எதிராளி நினைத்தால் உங்கள் கைப்பேசியில் உள்ள செய்திகளையும் சேர்த்து அழித்துவிட முடியும்.