கூடத்து ஒயரை எங்கே ஒளிப்பது?

எங்கள் வீடு கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. கேபிள் வந்தபோது ஒரு ஒயர், டிஷ் மாற்றியபோது இன்னொன்று, 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துக் கரண்ட் இல்லாமல் நாள்கணக்கில் தவித்த பிறகு இன்வெர்ட்டர், அப்புறம் ஃபைபர் நெட் என்று வந்து வந்து கூடத்துச் சுவரே தெரியாமல் போயிற்று. பொங்கலுக்கு வந்த அத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்னடா, கூடத்துல கொடி கட்டியிருக்கே, துணி காயப்போடவா?" என்று கேட்டாள். அந்த வாரமே வேலையில் இறங்கிவிட்டேன். போகிக்கு முன்னால் வெள்ளையடித்தபோதே செய்திருந்தால் சுவரை இரண்டாம் தடவை பூச வேண்டியிருந்திருக்காது, அது என் சோம்பேறித்தனம்.

ஒயர் கண்ணுக்குத்தான் மறைய வேண்டும், கைக்கு மறையக் கூடாது. தை மாதம் சம்பா அறுப்பு முடிந்து வயல் வெறுமையானால் எலியெல்லாம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது, ஐப்பசி கார்த்திகையில் சுவர் ஓதம் காக்கிறது. எட்டாத இடத்தில் ஒளித்து வைத்தால் எலி கடித்தது தெரியவே தெரியாது.

முதலில் எல்லா பிளக்கையும் பிடுங்கி, மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் மெயினை அணைத்தாலும் லைட், ஃபேன் லைனில் கரண்ட் வந்துகொண்டேதான் இருக்கும், ஏனென்றால் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் தன் வேலையைத் தொடங்கிவிடும். அதனால் அதையும் தனியாக அணைத்துவிட்டு, சுவிட்சைப் போட்டு ஃபேன் சுற்றவில்லை என்று பார்த்தபிறகுதான் கை வைக்க வேண்டும். ஸ்விட்ச் பாக்ஸைத் திறக்கிற வேலை, புது லைன் இழுக்கிற வேலை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், நான் சொல்வது அதற்கு வெளியே உள்ளது.

அடுத்து, செத்த ஒயர்களைக் கழிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு முனை வரைக்கும் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தேன், பழைய லேண்ட்லைன் ஒயர், எப்போதோ நிறுத்திய கேபிள் கனெக்‌ஷன், எதற்கென்றே தெரியாத ஒரு சிவப்பு ஒயர் என்று கிட்டத்தட்டப் பாதி சும்மாவே தொங்கிக்கொண்டிருந்தது. அவற்றை எடுத்ததுமே பாதி வேலை முடிந்தது.

மிச்சத்துக்குக் கேசிங் பட்டி, அதாவது ஒயரை உள்ளே விட்டு மேலே மூடி போடுகிற பிளாஸ்டிக் பட்டி. புது சிமெண்ட் சுவரில் டபுள் டேப் ஒட்டிச் சமாளிக்கலாம், ஆனால் சுண்ணாம்படித்த பழைய சுவரில் டேப் நிற்காது, இரண்டே நாளில் சுண்ணாம்புச் செதிலோடு பிய்ந்து வந்துவிடும். ஸ்க்ரூதான் போட வேண்டும். அதுவும் செங்கல் நடுவில் துளை போட்டால்தான் பிடிக்கும், இரண்டு கல்லுக்கு இடையில் போட்டால் பழைய காரை பொலபொலவென்று கொட்டும். இந்த மாதிரிச் சுவரைக் குறுக்கே வெட்டி உள்ளே பைப் பதிக்கலாம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். பட்டியை நிலைக்கதவு ஓரமாகவும், வாசலில் நுழைகிறவர் கண்ணில் படாத பக்கத்து உத்திரத்தை ஒட்டியும் கொண்டுபோனால் பெயிண்ட் அடிக்காமலேகூட மறைந்துவிடும். அடிப்பதானால் பிளாஸ்டிக்கை லேசாக உப்புத்தாளால் தேய்த்துவிட்டு அடியுங்கள், இல்லையென்றால் உரிந்துவிடும். மரப்பட்டி அழகுதான், ஆனால் கரையான் வரும்.

கரண்ட் ஒயருக்கு ஒரு பட்டி, நெட், டிவி ஒயர்களுக்கு வேறு பட்டி. கேபிள்காரர் வந்து மூடியைத் திறக்கும்போது கரண்ட் ஒயரில் கை படக் கூடாது. ஃபைபர் ஒயருக்குள் இருப்பது கண்ணாடி இழை என்பதை மறக்காமல், மூலையில் திரும்பும்போது நறுக்கென்று மடிக்காமல் ஒரு வளையல் அளவுக்காவது வளைவு விடுங்கள். மிச்சம் இருப்பதைச் சின்னத் தட்டு அளவுக்குச் சுருட்டி டிவிக்குப் பின்னால் மாட்டலாம். கரண்ட் ஒயரை மட்டும் இறுக்கிச் சுருட்டி மூடி வைக்காதீர்கள், சூடாகும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாமல் ஓர் அடிக்கு மேல் சுவரிலோ டிவி ஸ்டாண்டின் முதுகிலோ ஸ்க்ரூ போட்டு மாட்டுங்கள். நம் ஊரில் கூடத்தை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித்தான் கழுவுகிறோம், அதோடு முற்றத்துச் சாரல் வேறு. பாய்க்கு அடியில் ஒயர் விடுவதும் வேண்டாம், மிதித்து மிதித்து மேல் தோல் விண்டுவிடும்.

மோடத்துக்கு நான் கண்டுபிடித்த இடம் சுவரில் இருக்கும் பழைய மாடம். வீட்டில் விளக்கேற்றாத ஒன்று எப்படியும் இருக்கும். அதில் மோடத்தையும் செட்டாப் பாக்ஸையும் வைத்து, முன்னால் பிரம்புப் பின்னலில் ஒரு சின்னக் கதவு போட்டேன், ஓட்டை இருப்பதால் சூடும் அடைபடாது, ரிமோட்டும் வேலை செய்கிறது. மோடத்தை இரும்பு பீரோவுக்குப் பின்னால் மட்டும் ஒளிக்காதீர்கள், சிக்னல் செத்துவிடும்.

இன்வெர்ட்டரை அழகுக்காக அலமாரிக்குள் அடைக்கவே கூடாது. தண்ணீர் ஊற்றுகிற பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், காற்றோட்டம் வேண்டும். பேட்டரியைத் தூர வைத்து ஒயரை நீட்டலாமா என்றால் அதுவும் சரிவராது: 12 வோல்ட் பேட்டரியில் 600 வாட் இழுத்தால் 50 ஆம்பியருக்கு மேல் ஓடும், நீள ஒயரில் பாதி வழியிலேயே வோல்டேஜ் இறங்கிவிடும். முன்னால் ஒரு கோரைப்பாய்த் தட்டி நிறுத்தி, மேலேயும் பக்கத்திலும் திறந்து விட்டிருக்கிறேன். அது போதும்.

வெளியிலிருந்து ஒயர் நுழைகிற ஓட்டையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒயர் நுழைவதற்கு முன் ஓட்டைக்குக் கீழே சற்றுத் தொய்ந்து, பிறகு மேலேறி உள்ளே வர வேண்டும், அப்போதுதான் மழைத்தண்ணீர் தொய்வில் சொட்டிவிடும். மிச்ச இடைவெளியில் பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரைத் திணித்து மேலே வெள்ளைச் சிமெண்ட் பூசுங்கள், வெறும் பூச்சு என்றால் எலி ஒரே ராத்திரியில் சுரண்டிவிடும்.

இப்போதுதான் வீடு கட்டுகிறீர்கள் என்றால் டிவி சுவரில் மேலிருந்து கீழே இரண்டு அங்குல பைப் ஒன்று பதித்து, உள்ளே ஒரு நைலான் கயிறு விட்டு வையுங்கள். முக்கால் அங்குல பைப்பில் எச்டிஎம்ஐ முனை நுழையாது, பூச்சு வேலை முடிந்த பிறகு அது தெரிந்து பிரயோஜனமில்லை.

மூடியைப் போடுமுன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் டேப் சுற்றி டிவி, மோடம் என்று பெயர் எழுதிவிடுங்கள். மார்க்கரில் எழுதுங்கள், நான் இங்க் பேனாவில் எழுதி அடைமழையில் எல்லாம் ஒரே நீலமாகிவிட்டது.