டாப் 5 பட்டியல் போடுவது எப்படி: தலைப்பிலிருந்து ஸ்டேட்டஸ் வரை

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஞாயிற்றுக்கிழமை என்றால் டாப் 5 தான். யாராவது ஒருவர் தலைப்பு கொடுப்பார். மற்றவர்கள் அவரவருக்குப் பிடித்த ஐந்தை வரிசைப்படுத்திப் போட வேண்டும். சினிமா, பாட்டு, மாடித்தோட்டச் செடி, பறவை, ஏற்காட்டில் உட்காரும் இடம் என்று எது வேண்டுமானாலும் தலைப்பாக வரும். அம்மாபேட்டைப் பெரியப்பா முதல் பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி வரை எல்லாரும் போடுகிறார்கள். பாதிப் பேர் போடுவதற்குக் கட்டைவிரல் மட்டும் விழும். மீதிப் பேர் போட்டதை வைத்து ராத்திரி பதினோரு மணி வரை சண்டை நடக்கும். சண்டை நடந்தால் அது நல்ல பட்டியல். அப்படி ஒன்று போடுவது எப்படி என்று அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் இந்த விளக்கம்.

போனில் தமிழ் அடிப்பது, ஸ்டேட்டஸ் வைப்பது இதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்குப் போகிறேன்.

முதல் படி: தலைப்பைக் குறுக்குங்கள்

‘எனக்குப் பிடித்த 5 படங்கள்’ என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். அந்தத் தலைப்புக்கு ஊரில் எல்லாரும் ஒரே ஐந்து படத்தைத்தான் போடுவார்கள். இடம், நேரம், கூட இருக்கும் ஆள், ஏதாவது ஒரு நிபந்தனை, இவற்றில் ஒன்றைச் சேர்த்தாலே தலைப்புக்கு உயிர் வந்துவிடும்.

பாட்டியோடு உட்கார்ந்து கூச்சமில்லாமல் பார்க்கக்கூடிய ஐந்து படம். கரண்ட் போன ராத்திரியில் ஆட ஐந்து விளையாட்டு. ஏற்காட்டு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டுகிற வரைக்கும் வாந்தி வராமல் கேட்க ஐந்து பாட்டு. மே மாதக் கோடை விழாக் கூட்டத்திலும் மலை மேல் நிம்மதியாக உட்கார ஐந்து இடம். இந்த மாதிரி.

ரொம்பவும் குறுக்கிவிடக் கூடாது. தலைப்பை எழுதியதும் மனதில் எட்டுப் பெயராவது வர வேண்டும். ஆறு பெயரோடு நின்றுவிட்டால் ஒரு நிபந்தனையைத் தளர்த்துங்கள்.

இரண்டாவது படி: எட்டுப் பெயர்

காகிதத்தில் எழுதுங்கள். போனில் நோட்ஸ் ஆப்பைத் திறந்தால் அப்படியே யூடியூப்புக்குப் போய்விடுவோம். முக்கியமாக, கூகுளில் தேடாதீர்கள். தேடினால் வருவது வேறு யாரோ போட்ட பட்டியல், அதைப் பார்த்த பிறகு உங்களுடையது உங்களுக்கே ஞாபகம் வராது. ஆண்டு, நடிகர் பெயர் மாதிரி விவரங்களைச் சரிபார்க்க மட்டும் கடைசியில் தேடலாம்.

உதாரணத்துக்கு ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம்: ‘மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களில் எனக்குப் பிடித்த ஐந்து’. சேலத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காக: டி.ஆர்.சுந்தரம் 1935இல் சேலத்தில் தொடங்கிய படக் கம்பெனி இது. தமிழில் மட்டுமல்ல, மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938) கூட இவர்கள் எடுத்ததுதான். இன்றைக்கு ஏற்காடு போகிற ரோட்டில் அந்த ஸ்டூடியோவின் நுழைவாயில் ஆர்ச்சைப் பார்க்கலாம். மலைக்குப் போகிற அவசரத்தில் பலர் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள்.

என் எட்டு: உத்தமபுத்திரன் (1940), பொன்முடி (1950), மந்திரிகுமாரி (1950), திகம்பர சாமியார் (1950), சர்வாதிகாரி (1951), திரும்பிப்பார் (1953), அலிபாபாவும் 40 திருடர்களும் (1956), வல்லவன் ஒருவன் (1966).

மூன்றாவது படி: எட்டை ஐந்தாக்குவது

இங்கேதான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். எட்டையும் மொத்தமாக முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றையும் விட மனசு வராது. அதனால் எட்டையும் பார்க்காதீர்கள். ஒரு நேரத்தில் இரண்டை மட்டும் பாருங்கள்.

பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொள்ளுங்கள். முதல் பெயரை அதற்குக் கீழே உள்ள ஏழோடும் தனித்தனியாக மோத விடுங்கள். ஒவ்வொரு மோதலிலும் ஜெயித்த பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு. அடுத்து இரண்டாவது பெயரை அதற்குக் கீழே உள்ள ஆறோடு. இப்படியே கடைசி வரைக்கும். எட்டுப் பெயருக்கு மொத்தம் 28 மோதல் வரும். முடித்ததும் கோடுகளைக் கூட்டினால் 28 வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ ஒரு ஜோடி விட்டுப்போயிருக்கிறது. அதிகக் கோடு வாங்கியது முதலிடம். இரண்டு பெயர் சமமாக வந்தால், அந்த இரண்டும் நேருக்கு நேர் மோதியபோது எது ஜெயித்ததோ அது மேலே.

பத்துப் பெயர் வைத்துக்கொண்டால் மோதல் 45 ஆகிவிடும், பன்னிரண்டுக்கு 66. பாதியிலேயே பேனாவைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். எட்டு என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

இது வரைக்கும் சுலபம். சிக்கல் மூன்று பெயர் சமமாக வரும்போது. மேலே உள்ள எட்டிலேயே பாருங்கள். அலிபாபாவா மந்திரிகுமாரியா என்றால் அலிபாபா, ஏனென்றால் தமிழில் முழுக்க வண்ணத்தில் வந்த முதல் படம். மந்திரிகுமாரியா திகம்பர சாமியாரா என்றால் மந்திரிகுமாரி, கருணாநிதியின் வசனத்துக்காக. திகம்பர சாமியாரா அலிபாபாவா என்றால் திகம்பர சாமியார், ஏனென்றால் நம்பியார் கதாநாயகனாக வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டு ஆடுவதை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன். ஆக ஒன்றை ஒன்று ஜெயித்து வட்டமாகச் சுற்றுகிறது. நேருக்கு நேர் விதி இங்கே உதவாது.

சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். காரணங்களை மறுபடி படித்துப் பாருங்கள். முதல் மோதலில் சரித்திர முக்கியத்துவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன், இரண்டாவதில் வசனத்தை வைத்து, மூன்றாவதில் திரும்பப் பார்க்கிற ஆசையை வைத்து. ஒரே தராசில் நிறுக்காததால்தான் சுற்றுகிறது. கோளாறு படத்திலும் இல்லை, ரசனையிலும் இல்லை. தலைப்பு இன்னும் தளர்வாக இருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் படிக்குத் திரும்பிப் போய்த் தலைப்பை மாற்றுங்கள்: ‘இன்றைக்கு ராத்திரி டிவியில் போட்டால் கடைசி வரைக்கும் எழுந்திருக்காமல் பார்க்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் படம் ஐந்து’. இப்போது முதல் படம், பெரிய படம் என்ற பெருமை எதுவும் செல்லாது. திகம்பர சாமியார் முதலிடம், அலிபாபா இரண்டு, மந்திரிகுமாரி மூன்று. வட்டம் போய்விட்டது. நான்காவது இடத்துக்கு உத்தமபுத்திரன், பி.யு.சின்னப்பாவின் இரட்டை வேடத்துக்காக. ஐந்தாவது வல்லவன் ஒருவன். ஜெய்சங்கர் துப்பறிகிற படம் ராத்திரி நேரத்துக்குப் பொருத்தம்.

இதே எட்டை ‘வசனத்துக்காகவே பார்க்கிற ஐந்து’ என்று மாற்றினால் திரும்பிப்பார் மேலே ஏறிவிடும், வல்லவன் ஒருவன் பட்டியலிலேயே இருக்காது. ஒரு எட்டை வைத்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓட்டலாம்.

விட்டுப்போன மூன்றையும் ‘இவையும் பிடிக்கும்’ என்று அடியில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. எட்டையும் போடுவதாக இருந்தால் இவ்வளவு நேரம் மோத விட்டது எதற்கு? மனசு கேட்காவிட்டால் ஆறாவது பெயரை மட்டும் ஒரு வரியில் சொல்லுங்கள். சண்டைக்கு அது நல்ல விறகு.

நான்காவது படி: ஒரு வரிக் காரணம்

ஒவ்வொரு பெயருக்கும் ஒரே ஒரு வரி. சூப்பர், செம, வேற லெவல், மிகவும் அருமை எல்லாவற்றுக்கும் தடை. எழுதிய வரியை எடுத்து வேறு பெயருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் அந்த வரி உதவாது.

‘மூக்கனேரி: அமைதியான இடம், மனதுக்கு இதம்’ என்று எழுதினால் அதே வரி ஏற்காடு ஏரிக்கும் பொருந்தும், பக்கத்து வீட்டு மொட்டைமாடிக்கும் பொருந்தும். ‘மூக்கனேரி: ஏரிக்குள்ளேயே மண்ணைக் கொட்டி மரம் வளர்த்த திட்டுகளில் பறவைகள் வந்து அடைவதைச் சாயங்காலம் கரையில் நின்றே பார்க்கலாம்’ என்றால் அது சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கிற அந்த ஏரிக்கு மட்டும்தான் பொருந்தும். ஏற்காட்டு மலை விளிம்பில் உள்ள லேடீஸ் சீட்டுக்கும் அப்படித்தான், ‘லேடீஸ் சீட்: நல்ல வியூ’ என்பதை விட ‘லேடீஸ் சீட்: இருட்டினதும் கீழே சேலம் முழுக்க விளக்கு எரிவது தெரியும், எங்கள் வீடு எந்தப் பக்கம் என்று பந்தயம் கட்டலாம்’.

ஐந்தாவது படி: போடுவது

குரூப்பில் போட்டால் ஐந்தாவது இடத்திலிருந்து ஆரம்பித்து முதலிடத்தைக் கடைசியில் போடுங்கள். செய்தி நீளமானால் வாட்ஸ்அப் பாதியை மறைத்துவிடும், முதலிடம் என்ன என்று தெரிந்துகொள்ள எல்லாரும் தட்டித் திறப்பார்கள்.

எக்ஸ் தளத்தில் போடுபவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்கு ‘சேலம்’ மூன்று எழுத்து. அங்கே அது ஐந்து, ஏனென்றால் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். ‘ஏற்காடு’ நமக்கு நான்கு, அங்கே ஏழு. அதனால் இலவசக் கணக்கில் ஒரு பதிவுக்கு 280 எழுத்து என்ற வரம்பு தமிழில் சீக்கிரமே தீர்ந்துவிடும். ஒரு வரிக் காரணத்தோடு ஐந்தும் ஒரு பதிவில் அடங்காது. படமாகச் செய்து போடுவதே மேல்.

படம் செய்ய எனக்குக் கேன்வா போதும். எழுத்துரு மட்டும் கவனம். அழகாக இருக்கிறதே என்று ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் தமிழுக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும், சில பழைய ஆப்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் ‘கொண்டை ஊசி’ என்று அடித்துப் பாருங்கள். ‘கொ’வும் ‘டை’யும் ஒழுங்காக வந்தால் மற்றதெல்லாம் பெரும்பாலும் வந்துவிடும். தலைப்புக்கு முக்தா மலர், உள்ளே நோட்டோ சான்ஸ் தமிழ். இந்த இரண்டைத் தாண்டி நான் போவதில்லை. பட்டியல் படத்தில் எட்டு விதமான எழுத்துரு போடுகிறவர்கள் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போகலாம்.

பத்திரிகை என்றதும் ஞாபகம் வருகிறது. டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கிய பழைய பட்டியலைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். போன் கெட்டுப்போகவில்லை. பாமினி யூனிகோட் (எல்லாப் போனும் கணினியும் படிக்கிற பொது எழுத்துக் குறியீடு) இல்லை, அதுதான் விஷயம். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் போய்விடும். மூலத்தை நோட்ஸிலோ கூகுள் டாக்ஸிலோ தேதியோடு சேமித்து வையுங்கள்.

பின்சேர்க்கை 1: தேதி எதற்கு?

இதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டார். ‘ஏற்காட்டில் பிடித்த ஐந்து’ என்று யாரோ போட்டதை நம்பி ஏப்ரலில் குடும்பத்தோடு கிளியூர் அருவிக்கு இறங்கினாராம், வெறும் பாறைதான் இருந்ததாம். மழைக்கு அப்புறம் போய்ப் பார்த்தவர் எழுதிய பட்டியலாக இருந்திருக்கும். இடம், செடி, பறவை, பூ சம்பந்தப்பட்ட பட்டியல்களில் மாதத்தைத் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: வரிசை வேண்டாம் என்பவர்களுக்கு

எங்கள் பெரியம்மாவுக்குக் கோலம், பழைய பாட்டு, ரோஜாச் செடி மூன்றிலும் பட்டியல் போட ஆசை. ஆனால் எண் போட மட்டும் ஒப்பவில்லை. “எல்லாம் நான் வெச்ச செடிதானுங் கண்ணு, அதுல எதப் போயி அஞ்சாவதும்பேன்?” என்றார். நியாயம்தான். “அப்ப நம்பர் போடாதீங்க பெரிம்மா, அகர வரிசையில எழுதிடுங்க” என்றேன். அப்படியே எழுதினார், கூடவே எந்தச் செடி எந்த வருஷம் ஏற்காட்டு மலர்க் கண்காட்சிக்குப் போனபோது வாங்கியது என்ற காரணத்தோடு. குரூப்பில் அன்றைக்கு அதிகம் பேசப்பட்டது அதுதான். ஆகவே மூன்றாவது படியில் யார் ஜெயித்தார்கள் என்பதை வெளியே சொல்ல விருப்பமில்லை என்றால் எட்டில் ஐந்தைத் தேர்ந்தெடுக்க மட்டும் கோடுகளைப் பயன்படுத்திவிட்டு அகர வரிசையில் போடலாம்.

பின்சேர்க்கை 3: எண் தானாக மாறுகிறது

வாட்ஸ்அப்பில் எண், புள்ளி, இடைவெளி என்று அடித்தால் அது அதைப் பட்டியலாக எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்கு அடுத்த எண்ணைத் தானே போடும். 5இல் ஆரம்பித்து இறங்கி வருகிறவர்களுக்கு இது தொல்லை, 4 வர வேண்டிய இடத்தில் 6 வந்து நிற்கும். புள்ளிக்குப் பதிலாக அடைப்புக்குறி போட்டு 5), 4) என்று எழுதுங்கள். அல்லது ‘ஐந்தாவது’, ‘நான்காவது’ என்று எழுத்தாலேயே எழுதிவிடுங்கள். பெரியப்பா அப்படித்தான் எழுதுகிறார், கண்ணாடி இல்லாமலும் படிக்க முடிகிறதாம்.