கணித டியூட் அடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உயர்தர இணைந்த கணித டியூட் (டியூஷன் வகுப்பில் கொடுக்கும் அச்சடித்த பயிற்சித்தாள்) ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். பிள்ளை தடுமாறுவது சிலவேளை கணக்கில் அல்ல, அச்சில். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: தமிழுக்குப் போட்ட எழுத்துருவிலேயே சமன்பாட்டையும் அடித்துவிடுவது.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இது மிக மோசம். அது யுனிகோட் (ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியெண் தரும் முறை) எழுத்துரு இல்லை; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கிறது. எக்ஸ் தட்டினால் 'ஒ', வை தட்டினால் 'ல', இசெட் தட்டினால் 'ண'. அதனால் ஒவ்வொரு மாறிக்கும் எழுத்துருவை மாற்றி மாற்றி அடிக்கிறார்கள். கடைசியில் யாராவது முழுப் பக்கத்தையும் தெரிவுசெய்து பாமினி ஆக்கினால் போச்சு, மாறியெல்லாம் தமிழெழுத்து! லதா, நிர்மலா போன்ற யுனிகோட் எழுத்துருவுக்கு மாறினால் இந்தத் தொல்லையே இல்லை. பழைய டியூட்களை மாற்றுவது அலுப்பான வேலைதான், ஆனாலும் ஒருமுறை செய்தால் போதும்.

அடுத்தது, பின்னத்தையும் வர்க்கமூலத்தையும் கோடு கீறி ஒட்டுப்போடுவது. வேர்டில் 2007 பதிப்பு முதலே கேம்பிரியா மேத் எழுத்துருவோடு சமன்பாட்டுப் பெட்டி இருக்கிறது; ஆல்ட் விசையோடு = தட்டினால் திறக்கும். அடுக்கு எவ்வளவு உயர வேண்டும், அடைப்புக்குறி எவ்வளவு நீள வேண்டும் என்ற அளவுகள் அந்த எழுத்துருவுக்குள்ளேயே உண்டு. டைம்ஸ் நியூ ரோமனில் கிடையாது. அதற்காகச் சாதாரணப் பந்திக்கும் கேம்பிரியா மேத்தைப் போடாதீர்கள். வரிகளுக்கிடையே பெரும் இடைவெளி விழும். அதில் தமிழ் எழுத்துகளும் இல்லை, ஆகவே 'எனின்', 'ஆகவே' எல்லாம் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும்.

லேடெக் என்ற அச்சுக்கோர்ப்பு மென்பொருளைப் பாவிப்பவர்கள் அதன் யுனிகோட் வடிவங்களான சீலேடெக் அல்லது லுவாலேடெக்கில் ஓட்டி, தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், கணிதத்துக்கு ஸ்டிக்ஸ் டூ மேத் என்று பிரித்துக் கொடுக்கலாம்.

சின்னத் தவறுகளும் உண்டு. கழித்தலுக்கு இணைகோட்டைப் போட்டால் குறி குட்டையாகிக் கண்ணில் படாது, − என்ற தனிக்குறியைப் போடுங்கள். பெருக்கலுக்கு எக்ஸ் எழுத்தைப் போடாமல் × போடுங்கள். மாறி சாய்வெழுத்தில் வரும். சைன், கோஸ், லொக் நிமிர்ந்து நிற்கும். காவியை (வெக்டர்) பலகையில் அடிக்கோடிட்டுக் காட்டுவோம், அச்சில் தடித்த எழுத்து.

அப்புறம், அச்சுக்கடைக்கு வேர்ட் கோப்பைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே உங்கள் எழுத்துரு இல்லையென்றால் பாமினி வரிகள் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். எழுத்துருக்களை உள்ளே பதித்த பிடிஎஃப் ஒன்றைக் கொடுத்து, முதலில் ஒரு பக்கம் மட்டும் எடுத்துப் பாருங்கள்.