சீரம் பாட்டில்களும் ஒரு சுருட்டிய ட்யூப்பும்: முகப்பூச்சு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சித்திரையில் ஒரு பெண் கடைக்கு வந்தார். நான் மருந்தாளுநர், பதினான்கு வருடமாகக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். கையிலிருந்த துணிப்பையைக் கண்ணாடிமேல் கவிழ்த்தார். 10% நியாசினமைடு சீரம் ஒன்று. வைட்டமின் சி சீரம் ஒன்று; வாங்கும்போது தண்ணீர் மாதிரி இருந்ததாம், இப்போது டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு ரெட்டினால், ஒரு கொலாஜன் க்ரீம். கடைசியில், அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கிய ஒரு அலுமினிய ட்யூப்.

"அக்கா, இதுல எது நிஜமாவே வேலை செய்யும்? ஒரு வருஷமா எல்லாத்தையும் மாத்தி மாத்திப் போடுறேன். மங்கு போகல, முகந்தான் எரியுது."

இதே கேள்வியோடு வாரத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள். கடையில் நின்றபடி முழுப் பதிலும் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றின் ஆதாரத்தை இன்னொன்றுக்கு எழுதிவைப்பது

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். ரெட்டினாலையே எடுத்துக்கொள்வோம். வைட்டமின் ஏ குடும்பத்தில் மூத்தது ட்ரெட்டினாயின். பருவுக்காக அமெரிக்காவில் 1971இல் அனுமதி பெற்றது. 1988இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 30 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு முன்கையில் ட்ரெட்டினாயின், மறு முன்கையில் மருந்தில்லாத வெறும் க்ரீம். 16 வாரம் கழித்துப் பார்த்தால், மருந்து போட்ட கையில் வெயிலால் வந்த சுருக்கமும் சொரசொரப்பும் குறைந்திருந்தன. கூடவே, ஏறக்குறைய எல்லோருக்கும் தோல் சிவந்து உரிந்தது. அதன்பிறகு வந்த பல ஆய்வுகளும் பலனை உறுதிசெய்தன. முகத்தில் பூசும் பொருட்களில் இவ்வளவு வலுவான சாட்சி உள்ளவை மிகக் குறைவு.

ஆனால் அது மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. சீரம் பாட்டிலில் இருப்பது ரெட்டினால். தோலுக்குள் போய் இரண்டு படி மாறினால்தான் அது ட்ரெட்டினாயின் செய்யும் வேலையைச் செய்யும், வீரியமும் குறைவு. அதற்கும் ஆதாரம் உண்டு. அதே பல்கலைக்கழகம் 2007இல் 0.4% ரெட்டினாலை முதியவர்களின் கையில் 24 வாரம் பூசிப் பார்த்து மெல்லிய சுருக்கங்கள் குறைந்ததைக் காட்டியது. அதே குடும்பத்து ரெட்டினைல் பால்மிட்டேட் இன்னும் ஒரு படி பின்னால் நிற்கிறது, அதற்கான ஆதாரம் மெலிவு. அட்டையில் பெரிதாக 'ரெட்டினாய்டு' என்று குடும்பப் பெயரைப் போட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் பால்மிட்டேட் என்று இருக்கும். எத்தனை சதவீதம் என்று எங்குமே இருக்காது. பெரியப்பா மகன் டாக்டர் என்பதால் நாம் ஊசி போட்டுவிட முடியுமா?

(கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் தயாராகிறவர்களும் இந்தக் குடும்பம் முழுவதையுமே ஒதுக்கி வையுங்கள்.)

வைட்டமின் சி கதை வேறு. அதன் புகழுக்கு அடித்தளம் 2001இல் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் எண் 3.5க்குக் கீழே இருந்தால்தான் (எண் குறைந்தால் அமிலம் அதிகம்) அது தோலுக்குள் இறங்குகிறது, 20 சதவீதத்துக்கு மேல் போனால் கூடுதல் பலன் இல்லை என்று கண்டார்கள். அருமையான வேலைதான், ஆனால் செய்தது பன்றித் தோலில். மனிதர்களிடம் நடந்த சோதனைகள் சிறியவை. வைட்டமின் சி பொய் என்று நான் சொல்லவில்லை. விலைக்கும் ஆதாரத்துக்கும் உள்ள இடைவெளி பெரிது என்கிறேன். காற்றும் வெளிச்சமும் பட்டால் அது கெட்டும் போகும். டிகாஷன் நிறத்துக்கு வந்த பாட்டிலில் நீங்கள் காசு கொடுத்த பொருள் பெரும்பாலும் இல்லை.

சதவீதம் ஏற ஏறப் பலனும் ஏறும் என்று நம்புவது

நியாசினமைடு நல்ல பொருள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் துகள்கள் மேல்தோல் செல்களுக்குப் போய்ச் சேருவதை அது குறைக்கிறது. 2011இல் மெக்சிகோவில் மங்கு உள்ள 27 பேருக்கு முகத்தின் ஒரு பாதியில் 4% நியாசினமைடும் மறு பாதியில் நிறத்தைக் குறைக்கும் மருந்தான ஹைட்ரோகுவினோன் 4%உம் பூசினார்கள். 8 வாரத்தில் இரண்டு பக்கமும் தெளிந்தன. ஹைட்ரோகுவினோன் கொஞ்சம் முந்தியது, நியாசினமைடு பக்கம் எரிச்சல் குறைவு. சின்ன ஆய்வுதான், ஆனால் நேர்மையான ஒப்பீடு. கவனியுங்கள், அங்கே போட்டது 4%. நல்ல ஆய்வுகள் பெரும்பாலும் 2 முதல் 5 சதவீதத்தில் நடந்தவை. 10% அதைவிடச் சிறந்தது என்று யாரும் காட்டவில்லை.

பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடில் இதை நேராகவே சோதித்துவிட்டார்கள். 1986இல் 2.5%, 5%, 10% மூன்றையும் ஒப்பிட்டார்கள். பருவைக் குறைப்பதில் 2.5% மற்ற இரண்டுக்கும் சளைக்கவில்லை. எரிச்சலோ 10%ஐவிடக் குறைவு. இருந்தும், "கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கறது குடுங்க" என்று கேட்பவர்களே அதிகம்.

நம் தோலுக்கு இந்தத் தவறு அதிக சேதம் செய்யும். வெள்ளைத் தோலில் எரிச்சல் வந்தால் சிவந்து அடங்கிவிடும். மாநிறத்திலும் கருநிறத்திலும் எரிந்த இடம் கறுத்துப்போய் மாதக்கணக்கில் நிற்கும். கறையைப் போக்க வாங்கிய அமிலமே புதுக் கறையைக் கொண்டுவரும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துவிட்டு வெயிலில் போகிறவர்களுக்கும் இதே கதிதான். அதில் தோலைப் புண்ணாக்கும் அமிலமும் இருக்கிறது, வெயில் பட்டால் தோலைக் கருக்கும் பொருளும் இருக்கிறது.

எதுவானாலும் ஒன்றை மட்டும் தொடங்கி 8 முதல் 12 வாரம் பாருங்கள். ஐந்தையும் ஒன்றாகத் தொடங்கினால் எது உதவியது, எது எரித்தது என்றே தெரியாது.

எதோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்காமல் விடுவது

"90% பெண்கள் நான்கு வாரத்தில் மாற்றத்தை உணர்ந்தார்கள்." இப்படி ஒரு வரி இல்லாத அட்டை அபூர்வம். பக்கத்திலேயே பொடி எழுத்தில் முப்பதோ நாற்பதோ பேர் என்று இருக்கும். அந்த உணர்வும் கேள்வித்தாளில் டிக் போட்டது. சாதாரண மாய்ஸ்சரைசர் தடவினாலே தோல் நீர் பிடித்து மெல்லிய கோடுகள் மங்கும். அதனால் கேட்க வேண்டியது, மருந்தில்லாத அதே க்ரீமைவிட இது எவ்வளவு அதிகம் செய்தது என்பது. 'டெர்மட்டாலஜிக்கலி டெஸ்டட்' என்ற முத்திரை இதற்குப் பதில் சொல்லாது. அழகுசாதனப் பொருள் என்று உரிமம் வாங்கிய ஒன்றிடம், மருந்திடம் கேட்கிற அளவுக்குப் பலனுக்கான நிரூபணத்தைச் சட்டம் கேட்பதில்லை.

கொலாஜன் க்ரீமுக்கு ஒரு கணக்கு போதும். ஆரோக்கியமான தோலுக்குள் எளிதில் நுழைபவை ஏறத்தாழ 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) உட்பட்ட மூலக்கூறுகள். கொலாஜன் 3,00,000 டால்டன் அளவு. அது மேலேயே உட்கார்ந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். ஹயலூரானிக் அமிலமும் நல்ல ஈரப்பூச்சு. சுருக்கத்தை உள்ளிருந்து நிரப்பும் என்று நினைத்து வாங்காதீர்கள்.

பையில் இல்லாத பொருள்

அந்தப் பெண்ணின் பையில் சன்ஸ்க்ரீன் இல்லை. "நம்ம கலருக்கு எதுக்குக்கா?" என்றார்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நாம்பூர் என்று ஒரு ஊர். 1992 முதல் 1996 வரை அந்த ஊர்க்காரர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராரைத் தினமும் சன்ஸ்க்ரீன் பூசச் சொன்னார்கள். மற்றவர்கள் தங்கள் விருப்பப்படி. 55 வயதுக்குட்பட்ட 903 பேரின் புறங்கைத் தோலைச் சிலிக்கோனில் அச்சு எடுத்து ஒப்பிட்டார்கள். நாலரை வருடத்தில், தினமும் பூசியவர்களுக்குத் தோல் முதுமை 24% குறைவு. அதே சோதனையில் பீட்டா கரோட்டின் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள், அதனால் பயன் தெரியவில்லை. குலுக்கல், ஒப்பீடு, வருடக்கணக்கு, அச்சு எடுத்து அளந்த முடிவு எல்லாம் இருந்த சோதனை அது. எந்த சீரத்துக்கும் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

அவர்கள் வெள்ளையர்கள் என்பது உண்மை. நம் மெலனின் தோல் புற்றுநோயிலிருந்து நம்மை நிறையவே காக்கிறது. ஆனால் மங்கு வேறு விஷயம். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே கருந்தோலில் நிறத்தை ஏற்றும், வழக்கமான வெள்ளை சன்ஸ்க்ரீன் அதை முழுதாகத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்து தோல் நிறத்தில் வரும் சன்ஸ்க்ரீன் மங்குக்கு இன்னும் நன்றாக உதவுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அளவும் முக்கியம். அட்டையில் உள்ள எஸ்பிஎஃப் எண், அதாவது வெயிலிலிருந்து காக்கும் அளவு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசினால் கிடைப்பது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கிய அளவு வேண்டும். விபூதி மாதிரித் தொட்டு வைத்தால் காணாது.

சீக்கிரம் தெரிந்ததே நல்லது என்று நம்புவது

"ஆனா அக்கா, இதுல உடனே தெரிஞ்சது இந்த ட்யூப்தான்" என்றார். சுருட்டியிருந்ததை விரித்துப் படித்தேன். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். பதினான்கு மாதமாகப் போடுகிறார். பியூட்டி பார்லரில் சொன்னார்களாம்.

சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள், கவிழ்த்த பையிலேயே மங்குக்கு வலுவான ஆதாரம் இருந்தது இந்த வகைக் கலவைக்குத்தான். மூன்றையும் கலக்கும் யோசனை 1975இலிருந்து உண்டு. 2002இல் அமெரிக்கா அப்படி ஒரு க்ரீமை மங்குக்கு அனுமதித்தது. ஆனால் அதில் இருந்தது மிக மென்மையான ஸ்டீராய்டு. போடச் சொன்ன காலம் 8 வாரம், மருத்துவர் பார்வையில், சன்ஸ்க்ரீனோடு. நம் ஊர் ட்யூப்களில் அந்த இடத்தில் இருப்பது அதைவிடக் காரமான மொமெட்டசோன்.

ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தை அடக்கும். ஒரே வாரத்தில் முகம் தெளிந்து வெளுக்கும், தோழிகள் கேட்பார்கள். மாதங்கள் போனால் தோல் மெலியும், சிவப்பு நரம்புகள் தெரியும், பருவும் வரும், முகத்தில் ரோமமும் வளரும். நிறுத்தினால் முகம் தீயாய் எரியும், அதனால் மறுபடி பூசுவார்கள். ஹைட்ரோகுவினோனை வருடக்கணக்கில் போட்டால் நீலக் கறுப்பாக, போகவே போகாத கறை வரலாம். 2011இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்றில், முகப் பிரச்சினையோடு தோல் மருத்துவரிடம் வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு க்ரீமை முகத்தில் பூசிக்கொண்டிருந்தார்கள். ஏழில் ஒருவர். 2018இல் இத்தகைய ஸ்டீராய்டு பூச்சுகள் பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் அரசு சேர்த்தது. விற்பனை நிற்கவில்லை என்பதை என் தொழிலில் இருந்துகொண்டு வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

பெயரே தெரியாத வெளுப்பு க்ரீம்களில் பாதரசமும் இருக்கலாம். கேரளத்தின் மலப்புரத்தில் 2021க்கும் 2023க்கும் இடையே, ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்களில் பலரும் அப்படிப்பட்ட க்ரீம் பூசியிருந்ததை மருத்துவர்கள் கண்டுபிடித்து எழுதினார்கள்.

அந்தப் பெண்ணிடம் சீரங்களை எல்லாம் இப்போதைக்கு நிறுத்தச் சொன்னேன். மென்மையான ஃபேஸ்வாஷ், வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர், நிறம் கலந்த சன்ஸ்க்ரீன், அவ்வளவு போதும். ட்யூபைத் தானாகச் சட்டென்று நிறுத்திவிடாமல், அந்த வாரமே தோல் மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார். ட்யூபைத் தூக்கிப் போட்டுவிட்டு, "ஏதோ ஒரு க்ரீம் போட்டேன் டாக்டர்" என்று போய் நிற்பவர்கள் அதிகம். அதனால் மூன்று மருந்தின் பெயர்களையும், போட்ட பதினான்கு மாதத்தையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, ட்யூபைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கையில் கொடுத்தேன்.