டிக்ரி பணம் கட்டியாச்சு, சிபிலில் கேஸ் இன்னும் நிற்கிறதா? இப்படிச் செய்யுங்கள்

லோன் பாக்கிக்கு பேங்க் கேஸ் போட்டு டிக்ரியும் (பணத்தைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பு) வாங்கிவிட்டது, நீங்களும் எப்படியோ புரட்டி முழுசாகக் கட்டிவிட்டீர்கள். அப்புறமும் புது லோன் கேட்டுப் போனால் "சிபிலில் சூட் ஃபைல்டு என்று காட்டுகிறதே" என்று திருப்பி அனுப்புகிறார்கள். சிபில் என்பது நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நிறுவனம்; சூட் ஃபைல்டு என்றால் வழக்குப் போடப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பென்னாகரத்திலோ ஊத்தங்கரையிலோ டிராக்டர் லோன் எடுத்தவருக்கு மட்டுமல்ல, அவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்கும் இந்தக் கதிதான். பணம் வந்தது பேங்குக்குத் தெரியும். கோர்ட்டுக்கும் சிபிலுக்கும் யாராவது சொன்னால்தான் தெரியும். அதைச் சொல்ல வைப்பது நம் வேலையாகிவிடுகிறது.

1. ரிப்போர்ட்டை எடுங்கள்

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று கடன் வரலாற்றைப் பதியும் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும், அதனால் நான்கையும் எடுத்துவிடுங்கள். அந்தக் கணக்கில் வழக்கு பற்றிய விவரம், கணக்கின் நிலை, பாக்கித் தொகை, பேங்க் கடைசியாகத் தகவல் அனுப்பிய தேதி, இந்த நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தனியாரிடம் ப்ரோநோட் எழுதி வாங்கிய கைக்கடனுக்கு வந்த டிக்ரி என்றால் அது சிபிலில் ஏறாது, ஏனென்றால் பேங்க், நிதி நிறுவனம் போன்றவைதான் அங்கே தகவல் அனுப்புகின்றன. அப்படிப்பட்டவர்கள் கீழே 2, 5 ஆகிய இரண்டு பகுதிகளை மட்டும் பாருங்கள்.

2. கோர்ட்டில் பதிவு செய்யுங்கள்

எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான், எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான். டிக்ரி பணத்தை கோர்ட்டுக்கு வெளியே பேங்கிலேயே கட்டியிருந்தால், அதை கோர்ட்டில் பதிய வேண்டும் என்று சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 21, விதி 2 சொல்கிறது. பதியாத பணத்தை, டிக்ரியை நிறைவேற்றும் கோர்ட் கணக்கில் எடுக்காது. டிக்ரிக்கு 12 வருஷம் உயிர் உண்டு என்பதால், கட்டி முடித்த கடனுக்கே பின்னால் ஈ.பி. (டிக்ரியை நிறைவேற்றக் கோரும் மனு) வரக்கூடும்.

நீங்களாக மனு போடுவதென்றால் பணம் கட்டிய 30 நாளுக்குள் போட வேண்டும். அந்தக் கெடு தாண்டிவிட்டால் பேங்க் வக்கீலையே முழுப் பணமும் வந்துவிட்டது என்று மெமோ போடச் சொல்லுங்கள், அதற்கு இந்தக் கெடு கிடையாது. பேங்க் மூலமாகக் கட்டிய ரசீது கட்டாயம் கையில் இருக்க வேண்டும். வசூலுக்கு வந்தவரிடம் ரசீதில்லாமல் ரொக்கம் கொடுத்திருந்தால் நிரூபிப்பது ரொம்பக் கஷ்டம், தயவுசெய்து அப்படிக் கொடுக்காதீர்கள்.

பதிவானதும், கேஸ் நடந்த கோர்ட் தர்மபுரியோ கிருஷ்ணகிரியோ ஓசூரோ, அங்கே நகல் மனு போட்டு உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி வையுங்கள்.

3. பேங்கிடம் எழுத்தில் கேளுங்கள்

நோ டியூ சர்டிபிகேட் (பாக்கி இல்லை என்ற சான்று) கேளுங்கள், கூடவே "வழக்கு முடிந்ததையும், பாக்கி பூஜ்யம் என்பதையும் நான்கு நிறுவனங்களுக்கும் தெரிவிக்கவும்" என்று கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். கடனை வேறு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள் என்றால் சான்று அந்த நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும்.

குறைத்துப் பேசி முடித்திருந்தால் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்றுதான் வரும், அது தப்பில்லை. லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) அப்படி முடித்தாலும் இதே நிலைதான். அதை 'க்ளோஸ்டு' (முழுசாகக் கட்டி முடிந்தது) ஆக்க விரும்பினால், விட்டுக்கொடுத்த தொகையைக் கட்டினால் மாற்றித் தருவார்களா என்று முதலில் எழுத்தில் பதில் வாங்குங்கள், அப்புறம் கட்டுங்கள்.

4. டிஸ்ப்யூட் போடுங்கள்

ரிப்போர்ட் மாறவில்லையென்றால் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே இலவசமாக டிஸ்ப்யூட் (தகவல் தவறு என்ற புகார்) பதியலாம். கடன் கொடுத்தவர் 21 நாளுக்குள் திருத்தி அனுப்ப வேண்டும், மொத்தமாக 30 நாளுக்குள் புகார் தீர வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு; ரிசர்வ் வங்கியின் இந்த விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கும் அசையவில்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் புகார் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: தவணை தவறிய மாதங்களின் பதிவு உண்மையானது, அது உடனே அழியாது. "பத்தாயிரம் கொடுங்கள், சிபிலைச் சுத்தம் செய்து தருகிறேன்" என்று யார் வந்தாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

5. நிலம் ஜப்தியில் இருந்ததா?

அப்படியென்றால் ஈசியிலும் (வில்லங்கச் சான்று) அது ஏறியிருக்கும். ஜப்தியை நீக்கும் உத்தரவு சார்பதிவாளர் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, கொஞ்ச நாள் கழித்து புது ஈசி போட்டு, நீக்கமும் ஏறிவிட்டதா என்று சர்வே நம்பரோடு சரிபார்த்துவிடுங்கள்.